சம்பந்தி வீட்டுப் பூட்டனார்

டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்து, 36 வருஷம் தண்டவாளத்தோடு காலம் தள்ளியவன் நான். வம்சாவளி ஆராய்ச்சிக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். சம்பந்தி வீட்டாரால் வந்த சம்பந்தம் இது!

எங்கள் இளைய மகன் அமெரிக்காவில் மணந்துகொண்ட பெண் கறுப்பினத்தைச் சேர்ந்தவள். "மாமா" என்று வாய் நிறைய அழைப்பாள். சென்ற ஆண்டு அங்கே போயிருந்தபோது ஒரு கட்டுக் காகிதத்தை என் முன் வைத்து, "மாமா, நீங்கள் சர்வீஸ் ரிஜிஸ்டர் எல்லாம் பார்த்துப் பழகியவர். இதைப் படிக்க உதவுங்களேன்" என்றாள். தென் கரோலினாவில் வாழ்ந்த அவளுடைய பூட்டனாரைப் பற்றிய காகிதங்கள் அவை. ஐந்து தலைமுறைக்கு முந்தியவர்.

அமெரிக்காவிலும் பத்து ஆண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு உண்டு. 1870ஆம் ஆண்டுக் கணக்கில் அவர் பெயர், வயது, மனைவி, பிள்ளைகள் எல்லாம் இருக்கின்றன. 1860ஆம் ஆண்டுக் கணக்கில் தேடினால் ஆளே இல்லை. காரணம், அன்று அவர் அடிமை. 1850, 1860 கணக்குகளில் அடிமைகளுக்குத் தனிப் பட்டியல். அதில் எஜமானின் பெயர் இருக்கும். அதற்குக் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம் என்ன, அநேகமாக அவ்வளவுதான். நம் ஸ்டோர்ஸ் லெட்ஜரில் ஸ்லீப்பர் கட்டைகளுக்குக் கணக்கு எழுதுவது போல!

பாதை அங்கே அடைபட்டு நின்றது. திறந்துவிட்டது எது தெரியுமா? வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருந்த ஒரு குடும்ப பென்ஷன் கோப்பு!

1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் வடபகுதிப் படையில் சுமார் 1,79,000 கறுப்பினத்தவர் சேர்ந்தனர். நம் பூட்டனாரும் 1863இல் சேர்ந்தவர். அவர் காலமான பின் மனைவி பென்ஷன் கேட்டு மனு செய்தார். அடிமைகளின் திருமணத்தைச் சட்டமே ஏற்காத காலத்தில் கல்யாணச் சான்றுக்கு எங்கே போவது? இதை உணர்ந்து அமெரிக்க நாடாளுமன்றம் 1864லேயே வழி செய்திருந்தது. கறுப்பினச் சிப்பாயின் விதவை, கணவன் மனைவியாக வாழ்ந்ததை நம்பத்தக்க சாட்சிகளைக் கொண்டு காட்டினால் போதும்.

ஆகவே அக்கம்பக்கத்தார் வந்து வாக்குமூலம் தந்திருக்கிறார்கள். மூவரும் ஒரே பருத்தித் தோட்டத்தில் இருந்ததாகவும், அந்தக் கல்யாணத்தைத் தான் கண்ணால் கண்டதாகவும் ஒரு மூதாட்டி சொல்கிறார். மூத்த பிள்ளை பிறந்தது எப்போது? 'பெரிய பீரங்கிச் சண்டை'க்குச் சில நாள் முன்னால் என்கிறார். 1861 நவம்பர் 7 அன்று நடந்த போர்ட் ராயல் சண்டை அது. என் தாயாரும் தங்கை பிறந்த நாளை, "தனுஷ்கோடிப் புயலுக்குப் பத்து நாள் கழித்து" என்றுதான் சொல்வார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் காலண்டர் எல்லா நாட்டிலும் ஒன்றுதான் போலும்.

வாக்குமூலத்தில் எஜமானின் பெயரும் இருந்தது. அதை வைத்து 1860 பட்டியலைப் பார்த்தோம். "ஆண், வயது 20" என்று ஒரு வரி. அவராக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மருமகள் அந்த வரியின் மேல் விரலை வைத்தபடி வெகுநேரம் பேசாமல் இருந்தாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 1980களில் நான் செக்ஷனில் இருந்தபோது ஒரு கேங்மேன் இறந்துபோனார். அவர் மனைவி கொண்டுவந்த காகிதத்தை, "கல்யாணச் சான்று இல்லை" என்று எழுதித் திருப்பி அனுப்பியவன் நான். கேங்கில் இருந்த பலர் அந்தக் கல்யாணத்தில் சாப்பிட்டவர்கள். ஒருவரைக்கூட நான் கூப்பிட்டுக் கேட்கவில்லை. அந்த அம்மாளுக்குப் பென்ஷன் வர ஒன்றரை வருஷம் ஆயிற்று. விதிப்படிதான் செய்தேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

ஊர் திரும்பியதும் பேரனுக்காக ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறேன். ஒரு பக்கம் மருமகள் வீட்டார், மறுபக்கம் நாங்கள். அவர்கள் பக்கம் 1861 வரை போய்விட்டது. எங்கள் பக்கத்திலோ கொள்ளுப்பாட்டியின் பெயரே யாருக்கும் தெரியவில்லை!

நண்பர்களே, உங்கள் வீட்டுப் பரணில் பழைய பென்ஷன் புத்தகமோ, பத்திரமோ, ஜாதகக் கட்டோ இருந்தால் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே பக்கத்தில் உட்கார்ந்து பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.