நீலச் சுடரே நற்சான்று

தாராவியில் பொழுது விடியும் முன்னரே இட்லி அடுப்புகள் எரியத் தொடங்கிவிடுகின்றன. இத்தகைய சிறுதொழில்களுக்குக் கடன் வழங்கச் செல்லும் நாம், மாவரைக்கும் இயந்திரத்தையும் கணக்கேட்டையும் பார்வையிடுகிறோம். அடுப்பைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஒரே அறையில் சமைத்து, அதன் தரையிலேயே உறங்கும் குடும்பங்களுக்கோ அடுப்பைப் பற்றிய அறிவு உயிர்காக்கும் முதலீடாகும்.

சுடரின் நிறம்

மாட்டுங்காவின் கல்லூரி ஆய்வுக்கூடத்துப் பர்னரும் நம் சமையலறைப் பர்னரும் ஒரே முறையில் இயங்குபவை. 1855-ஆம் ஆண்டையொட்டி, ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் ராபர்ட் புன்சனும் கருவி வல்லுநர் பீட்டர் டெசாகாவும் ஆய்வுக்கூடப் பர்னரை வடிவமைத்தனர். நுண்துளையிலிருந்து வேகமாக வெளிப்படும் வாயு, பக்கத்துத் திறப்பின் வழியே காற்றை இழுத்துக்கொண்டு, எரியும் முன்பே அதனுடன் கலக்கிறது. காற்று போதுமாயின் சுடர் நீலமாகும். குறைந்தால் மஞ்சளாகிப் பாத்திரத்தில் கரி படியும். நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடும் உண்டாகும்.

ஆய்வுக்கூடத்தில் காற்றுத் திறப்பை மூடிவைத்துப் பற்றவைத்து, பிறகு திறப்பர். வேலையில்லாத வேளையில், கண்ணுக்கு நன்கு புலப்படும் மஞ்சள் சுடராக வைப்பர். சமையலறையிலோ மஞ்சள் சுடர் எச்சரிக்கையாகும். பொங்கி வழிந்த பாலோ மாவோ பர்னர் துளைகளை அடைத்திருக்கக்கூடும். அடுப்பை அணைத்து ஆறவிட்டு, பர்னரைக் கழுவி, முற்றிலும் உலர்த்திப் பொருத்துக. வாயு வரும் நுண்துளையைக் கம்பியால் பெரிதாக்கலாகாது.

சுடர் பாத்திரத்தின் அடியைத் தாண்டி விரிந்தால் வெப்பம் வீணாகும். நீர் கொதித்த பின் தீயைக் கூட்டினாலும் அதன் வெப்பநிலை உயராது. ஆதலின் மூடியிட்டுத் தீயைத் தணிப்பதே சிக்கனம்.

வாயுவின் இயல்பு

உருளையில் வரும் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். மாட்டுங்கா, செம்பூர் அடுக்ககங்களுக்குக் குழாயில் வரும் இயற்கை எரிவாயு இலேசானது, மேலே எழும். ஆகவே உருளை உள்ள அறையில் தரைமட்டத்திலும், குழாய் வாயு உள்ள அறையில் மேற்புறத்திலும் காற்றோட்டம் வேண்டும். உருளையை நிமிர்த்தி வைத்து, அடுப்பை அதனினும் உயரத்தில் அமைக்க வேண்டும். உறங்கச் செல்லுமுன் ரெகுலேட்டரை மூடுதல் கட்டாயம். ஒருவகை வாயுவிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவோர் அடுப்பின் நுண்துளைப் பகுதியைப் பயிற்சி பெற்றவரைக் கொண்டு மாற்றிக்கொள்ள வேண்டும்.

வாடை வீசினால் மின்விசையைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். தீயை அணைத்து, ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, அனைவரும் வெளியேறுக. உருளை வாயுக் கசிவுக்கு 1906 என்ற எண்ணை வெளியிலிருந்து அழைக்கலாம். குழாய் வாயு பெறுவோர் தம் நிறுவனத்தின் அவசர எண்ணைக் கதவருகே எழுதி வைப்பது நலம்.

கடனும் காப்பும்

ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ரப்பர் குழாயை அதில் அச்சிட்ட காலம் முடியுமுன் மாற்றுக. 14.2 கிலோ வீட்டு உருளையைத் தொழிலுக்குப் பயன்படுத்துவது விதிக்குப் புறம்பானது. தொழிலுக்கு 19 கிலோ வணிக உருளை உண்டு. கடன் கோரும்போது தரமான அடுப்பு, குழாய், தீயணைப்பான் ஆகியவற்றின் விலையையும் திட்ட மதிப்பீட்டில் சேர்க்குமாறு வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம். கடனை மாதந்தோறும் அடைக்கலாம். ஓர் இரவின் கவனக்குறைவால் நேரும் இழப்பை எந்தத் தவணையாலும் அடைக்க இயலாது.