கடலின் குளிரும் ஓவனின் சூடும்

காட் மீன் தன் கொழுப்பைச் சதையில் வைப்பதில்லை, ஈரலில் சேர்த்து வைக்கிறது. பிள்ளைகளுக்கு மாத்திரையாகக் கொடுக்கும் காட் மீன் எண்ணெய் அந்த ஈரலிலிருந்து எடுப்பதுதான். ஈரலின் எடையில் பாதி அளவுக்கு எண்ணெய் இருக்கும். சதையிலோ நூற்றுக்கு ஒரு பங்கு கொழுப்புகூடத் தேறாது. ஏறக்குறைய 80 சதவீதம் நீர், 18 சதவீதம் புரதம், அவ்வளவே. இந்த வெள்ளைச் சதையை விரல் நீளத்துக்கு நறுக்கி, ரொட்டித்தூளில் புரட்டி, ஓவனில் சுட்டு, விருந்துக்கு வந்தவர்கள் கையில் முதலில் கொடுப்பது வட அட்லாண்டிக் கரை நாடுகளின் வழக்கம். தொட்டுக்கொள்ள ஒரு கிண்ணத்தில் டார்ட்டர் சாஸ் இருக்கும்: மயோனைஸில் ஊறுகாய் வெள்ளரியும் கேப்பர் மொட்டும் நறுக்கிப் போட்டு, எலுமிச்சை பிழிந்து கலக்கியது. மீனில் இல்லாத கொழுப்பு முழுவதும் அந்தக் கிண்ணத்தில் இருக்கிறது.

இந்தத் தட்டில் உள்ள ஒவ்வொன்றுக்கும் காரணம் தேடிப் போனால் கடலில்தான் போய் நிற்கிறோம். எத்தனை நிமிடம் சுட வேண்டும், மேலே ஏன் தூள் வேண்டும், சாஸ் ஏன் புளிக்க வேண்டும் என்பதையெல்லாம் அந்த மீன் வாழ்ந்த நீர்தான் தீர்மானித்திருக்கிறது.

ஆடும் மாடும் தம் எடையைத் தாமே சுமந்து நிற்க வேண்டியவை. அதனால் அவற்றின் தசையை கொலாஜன் என்ற நார்ப்புரதம் இறுகக் கட்டி வைத்திருக்கிறது. மீனை நீர் தாங்குகிறது. அதன் சதையில் இந்தக் கட்டு மிகக் குறைவு, இருப்பதும் மெல்லியது. தசை இழைகளும் நீண்டு ஓடுவதில்லை. குட்டையான இழைகள் அடுக்கடுக்காக நிற்க, அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே காகிதம் போல ஒரு கொலாஜன் சவ்வு. வெந்த மீனைத் தொட்டால் இதழ் இதழாகப் பிரிவது அந்தச் சவ்வு கரைந்துவிடுவதால்தான். ஆட்டிறைச்சியில் கொலாஜன் இளக மணிக்கணக்கில் கொதிக்க வேண்டும். மீனின் கொலாஜனோ 50, 55 டிகிரி செல்சியஸிலேயே கரைந்து ஜெலட்டினாகிவிடும்.

தசைப் புரதத்திலும் இதே கதை. புரதம் வேலை செய்ய வேண்டுமானால் அது ஓரளவு வளைந்து கொடுக்க வேண்டும். பனிக்கட்டியை ஒட்டிய குளிரிலும் வளைந்து கொடுக்க வேண்டிய புரதம் தளர்வாகவே கட்டப்பட்டிருக்கும், கொஞ்சம் சூடு பட்டதும் அவிழ்ந்துவிடும். காட் மீனின் மயோசின் 40 டிகிரியிலேயே உறையத் தொடங்குகிறது. 50 டிகிரியில் சதை வெள்ளையாகி இறுகும், 60ஐத் தாண்டினால் நீரை வெளியே தள்ளி வறளும். நம் உடம்பின் சூடு 37 டிகிரி என்பதை நினைத்துப் பாருங்கள். நமக்குக் கடும் காய்ச்சலாக இருக்கும் சூட்டில் அந்த மீன் வேகத் தொடங்குகிறது! வங்கக் கடலின் வெதுவெதுப்பில் வளர்ந்த வஞ்சிரமும் கொடுவாவும் இதைவிடச் சற்றுக் கூடுதல் சூடு தாங்கும். வெப்பக் கடல் மீன்களின் புரதம் அதற்கேற்ப இறுக்கமாகக் கட்டப்பட்டிருப்பதே காரணம். ஆனாலும் அவையும் ஆட்டிறைச்சியை நெருங்காது.

மீன் விரல் ஓவனுக்குள் போகும்போது எழும் சிக்கல் இங்கிருந்து பிறக்கிறது. உள்ளே இருப்பது 60 டிகிரி அளவில் முடிந்துவிட வேண்டிய பொருள். வெளியே நாம் கேட்பது பொன்னிற மொறுமொறுப்பு, அது 140 டிகிரிக்கு மேல்தான் மும்முரமாக நடக்கும் வினை. 1912ல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீய் மயார் சர்க்கரையையும் அமினோ அமிலங்களையும் சேர்த்துச் சூடாக்கியபோது கலவை பழுப்பானதைப் பதிவு செய்தார். ரொட்டியின் மேல்தோலும் வறுத்த காப்பியும் நிறமும் மணமும் பெறுவது அந்த மயார் வினையால்தான். வினை படிப்படியாக எப்படி நடக்கிறது என்பதை அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளர் ஜான் ஹாட்ஜ் 1953ல் வகுத்துக் காட்டினார்.

ஈரம் இருக்கும்வரை மயார் வினை மேலெழாது. நீர் ஆவியாகிக்கொண்டிருக்கும் பரப்பு 100 டிகிரியைத் தாண்ட முடியாது, வரும் சூட்டையெல்லாம் ஆவி எடுத்துக்கொண்டு போய்விடும். ஐந்தில் நான்கு பங்கு நீரான மீனை அப்படியே ஓவனில் வைத்தால், மேற்பரப்பு காய்ந்து சிவப்பதற்குள் உள்சதை சக்கையாகியிருக்கும். ஆகவே சிவக்கும் வேலையை மீனிடமிருந்து பிடுங்கி வேறொன்றிடம் கொடுக்கிறோம். அதுதான் ரொட்டித்தூள். முதலில் மீனை ஒற்றித் துடைத்து மைதா தூவுகிறோம், அது மேல் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு அடித்த முட்டை. அதன் புரதம் சூட்டில் இறுகிப் பசையாகும். அதன்மேல் உலர்ந்த தூள். தூள் தனக்குரிய சூட்டில் சிவக்க, அதற்குள்ளே மீன் தன் சொந்த ஆவியிலேயே வேகிறது. ஒரே துண்டுக்குள் சுடுவதும் அவிப்பதும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கின்றன.

ஜப்பானியர்களின் பாங்கோ தூள் இதற்கு மிகப் பொருத்தம். அந்த ரொட்டியை அடுப்பில் சுடுவதில்லை, மாவுக்குள் மின்சாரத்தைச் செலுத்தி வேகவைக்கிறார்கள். அதனால் அதற்கு மேல்தோலே உண்டாவதில்லை. சீவினால் காற்றுப் பை நிறைந்த நீண்ட செதில்களாக வரும், அவை நெருக்கமாகப் படியாமல் நிமிர்ந்து நிற்கும். ஆவி அவற்றின் இடுக்கு வழியே தப்பிவிடுவதால் தூள் நமத்துப் போகாது.

எண்ணெயில் பொரித்தால் இத்தனை யோசனை தேவையில்லை. எண்ணெய் பரப்பு முழுவதையும் தொட்டுச் சூட்டை இறக்கும். காற்று அப்படியல்ல. 200 டிகிரி ஓவனுக்குள் ஒரு நொடி கையை நீட்டிவிட்டு எடுக்கிறோம், 100 டிகிரி கொதிநீரில் அதைச் செய்ய முடியாது. காற்றில் மூலக்கூறுகள் அவ்வளவு தொலைவில் சிதறிக் கிடக்கின்றன, அவை கொண்டு சேர்க்கும் சூடு சொற்பம். 220 டிகிரி ஓவனில் இரண்டு சென்டிமீட்டர் தடிமனுள்ள மீன் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வெந்துவிடும், தூளோ அப்போதும் வெளிறியே இருக்கும். நல்ல சமையல்காரர்கள் அதனால் தூளைக் கொஞ்சம் எண்ணெயோடு வாணலியில் முன்கூட்டியே பொன்னிறமாக வறுத்துக்கொள்கிறார்கள். சிவப்பு ஏற்கெனவே வந்தாயிற்று. ஓவனுக்கு மீனை வேகவைக்கும் வேலை மட்டுமே மிச்சம். இந்த ஒரு காரியத்தைச் செய்தால் ஓவன் மீன் பொரித்த மீனுக்கு இளைத்ததாக இருக்காது என்று உறுதியாகச் சொல்வேன். தட்டின் மேல் கம்பி வலை வைத்து அதில் அடுக்கினால் அடிப்பக்கமும் நமக்காது.

இந்தப் பண்டம் கடைக்கு வந்த கதையிலும் குளிர் இருக்கிறது. கிளாரன்ஸ் பேர்ட்ஸை என்ற அமெரிக்கர் 1910களில் கனடாவின் லாப்ரடாரில் வாழ்ந்தபோது, இன்யூட் மக்கள் பனியைத் துளைத்து மீன் பிடிப்பதைப் பார்த்தார். வெளியே எடுத்ததும் கடுங்குளிர்க் காற்றில் மீன் அப்போதே உறைந்துவிடும். வாரங்கள் கழித்து உருக்கிச் சமைத்தாலும் புது மீன் போலவே இருக்கும். மெதுவாக உறையும் நீர் பெரிய படிகமாக வளர்ந்து உயிரணுக்களைக் கிழிக்கும், சட்டென்று உறைந்தால் படிகங்கள் பொடியாக இருக்கும் என்பதே அதன் சூட்சுமம். அவர் அதற்கு இயந்திரம் செய்து காப்புரிமை பெற்றார். அந்த வழியில் உறையவைத்த மீன் பாளங்களை அறுத்து, தூள் பூசி, 1953ல் அமெரிக்கக் கடைகளுக்கு அனுப்பினார்கள். மயார் வினையை ஹாட்ஜ் வகுத்துக் காட்டிய அதே ஆண்டு. 1955ல் பிரிட்டனுக்கும் வந்தது. அங்கே முதலில் முன்னிறுத்த நினைத்தது ஹெர்ரிங் என்ற கொழுப்பு மிகுந்த மீனைத்தான். ஒப்பிட்டுப் பார்க்க வைத்த சப்பென்ற காட் மீனை மக்கள் விரும்பி வாங்கினார்கள்.

அந்த மென்மையான ருசிக்கு ஒரு பகை உண்டு, கவிச்சி. கடல் மீன்களின் உயிரணுக்களில் ட்ரைமெத்திலமின் ஆக்சைடு என்ற சிறு மூலக்கூறு நிறைந்திருக்கிறது. அதற்கு வாசனை கிடையாது. ஆழத்தில் நீரின் அழுத்தம் புரதங்களின் வடிவத்தைச் சிதைக்கப் பார்க்கும். அதைத் தடுத்துப் புரதங்களைக் காப்பது இந்த மூலக்கூறுதான். ஆழம் கூடக் கூட மீனின் உடலில் இதன் அளவும் கூடுகிறது. கூடிக்கொண்டே போனால் ஓர் எல்லையில் மீனின் உடல்நீர் கடல்நீர் அளவுக்கே செறிவாகிவிடும். அதற்கும் கீழே போனால் கடல் உள்ளே புகத் தொடங்கும். அந்த எல்லை 8,200 மீட்டர் அளவில் இருக்கும் என்று கணித்திருந்தார்கள். 2022ல் ஜப்பானுக்குத் தெற்கே இசு ஒகசவாரா அகழியில் இறக்கிய கேமரா, 8,336 மீட்டர் ஆழத்தில் நீந்திய ஒரு நத்தைமீனைப் படம் பிடித்தது. அதற்குக் கீழே மீன் எதையும் இன்றுவரை யாரும் படம்பிடித்ததில்லை. கடலில் மீன் எதுவரை போகலாம் என்று கோடு கிழிக்கும் மூலக்கூறும் நம் அடுக்களையில் கவிச்சிக்குக் காரணமான மூலக்கூறும் ஒன்றே என்பதை முதன்முதலில் படித்தபோது ஏற்பட்ட வியப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை.

மீன் இறந்ததும் பாக்டீரியாக்கள் இதிலிருந்து ஆக்சிஜனைப் பிய்த்தெடுக்கின்றன. மிஞ்சுவது ட்ரைமெத்திலமின், சட்டென்று காற்றில் பறந்து மூக்கை எட்டும் பொருள். அது காரத்தன்மை உடையது. அமிலம் பட்டால் ஒரு புரோட்டானை ஏற்று மின்னேற்றம் பெற்றுவிடும், பிறகு ஈரத்தை விட்டுக் காற்றில் எழும்பாது. எலுமிச்சையும் வினிகரும் டார்ட்டர் சாஸில் செய்யும் வேலை அது. நம் மீன் குழம்பில் புளி செய்வதும் அதுவே. காட் குடும்ப மீன்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. அவற்றிலுள்ள ஒரு நொதி, உறைநிலையில்கூட மெல்ல வேலை செய்து அதே மூலக்கூறை உடைத்து ஃபார்மால்டிஹைடை உண்டாக்கும். அது புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்துச் சதையை ரப்பராக்கும். பல மாதம் உறைபெட்டியில் கிடந்த காட் மீன் எவ்வளவு பக்குவமாகச் சுட்டாலும் மெல்ல முடியாமல் போவதன் காரணம் அது.

இனி கிண்ணம். எண்ணெய் ஓடும், எலுமிச்சைச் சாறும் ஓடும், மஞ்சள்கரு வழியும். மூன்றையும் சேர்த்து அடித்தால் கரண்டியில் நிற்கும் மயோனைஸ்! கட்டியான பொருள் எதுவும் அதில் போடவில்லை. கருவில் உள்ள லெசித்தினும் புரதங்களும் ஒவ்வொரு எண்ணெய்த் துளியையும் போர்த்திக்கொள்கின்றன. அதனால் துளிகள் ஒன்றோடொன்று கலந்து பெரிதாக முடியாது. எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடச் சொல்வது, ஒவ்வொரு சொட்டும் உடைந்து போர்வை பெற நேரம் கொடுப்பதற்காகத்தான். சில மைக்ரோமீட்டர் அகலமே உள்ள துளிகள், எண்ணில் அடங்காதவை.

ஒரே அளவுள்ள உருண்டைகளை எவ்வளவு நெருக்கமாக அடுக்கினாலும் இடத்தில் 74 சதவீதத்துக்கு மேல் நிரப்ப முடியாது என்று வானியலாளர் யோஹானஸ் கெப்ளர் 1611ல் ஊகித்தார். அதைத் தாமஸ் ஹேல்ஸ் நிறுவியதாக அறிவித்தது 1998ல். ஒழுங்கில்லாமல் கொட்டினால் 64 சதவீதத்திலேயே உருண்டைகள் நெருக்கியடித்து நின்றுவிடும். நல்ல மயோனைஸில் எண்ணெய் 70, 80 சதவீதம். பெரிய துளிகளின் இடுக்கில் சிறியவை புகுவதாலும், துளிகள் நசுங்கிப் பட்டையாவதாலும்தான் இது முடிகிறது. தேர் வடம் பிடிக்கும் நாளில் மாட வீதியில் நிற்கும் கூட்டம் போல, ஒவ்வொருவரும் நகரக்கூடியவரே, ஆனால் யாரும் நகர முடியாது. இரண்டு திரவங்கள் சேர்ந்து திடப்பொருளாய் நிற்பது இந்த நெரிசலால்தான். மீன் விரலை அழுத்தித் தோய்க்கும்போது நெரிசல் உடைந்து சாஸ் வழிவிடுகிறது. வெளியே எடுத்ததும் துளிகள் மறுபடி நெருங்கி நிற்க, சொட்டாமல் ஒட்டிக்கொள்கிறது. வாய்க்குள் நாக்கு அழுத்தியதும் மீண்டும் இளகுகிறது. கொழுப்பில்லாத காட் மீனுக்கு அந்த நொடியில்தான் கொழுப்பு கிடைக்கிறது.

பச்சை முட்டைக்கு மட்டும் நான் ஆதரவு இல்லை. சால்மொனெல்லா போன்ற கிருமிகளை அஞ்சி, பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை விதித்தது சரியான முடிவு. துளியைப் போர்த்த முட்டைதான் வேண்டும் என்றில்லை, பாலின் கேசீன் புரதத்துக்கும் அந்தத் திறமை உண்டு. ஸ்பெயினில் இதை லக்டோனேசா என்கிறார்கள். காய்ச்சி ஆறவைத்த பால் ஒரு பங்கு, வாசனையில்லாத எண்ணெய் இரண்டு பங்கு. இரண்டையும் உயரமான குவளையில் ஊற்றி, கைமிக்ஸியை அடியில் அழுத்தி ஓட்டிவிட்டு மெல்ல மேலே தூக்கினால் கெட்டிப்பட்டுவிடும். உப்பும் எலுமிச்சையும் கடைசியில். வெள்ளைத் துணியில் கட்டி வடித்த கெட்டித்தயிரைச் சரிபாதி சேர்த்தால் கனம் குறைந்து புளிப்புக் கூடும், காட் மீனுக்கும் கொடுவாவுக்கும் எனக்கு அதுதான் பிடிக்கும்.

கிண்ணத்தை முன்கூட்டியே கலந்து குளிர்பெட்டியில் வைக்கலாம், கெடாது. வெளியே எடுத்தபின் இரண்டு மணி நேரத்துக்கு மேல் மேசையில் விட வேண்டாம். சித்திரை வெயிலில் ஒரு மணி நேரமே அதிகம். மீனைத் தூள் பூசித் தயாராக வைத்துக்கொண்டு, விருந்தினர் வந்து உட்கார்ந்தபின் ஓவனில் தள்ளினால் போதும், பேச்சு சூடு பிடிப்பதற்குள் அது வெந்திருக்கும்.