மடுவை மேடாக்கினால் நீர் எங்கே போகும்?

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும், மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் நம் முன்னோர் வழங்கினர். படுவான்கரை வயல்களிற் பெய்யும் மாரி மழை, ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்ட இவ்வாவியிற் கலந்து, முகத்துவாரத்தின் வழியே கடலைச் சேரவேண்டும். மணல் வாயை அடைத்துக்கொண்டால், அதனை வெட்டிவிடும்வரை வெள்ளம் கரையோரப் பள்ளங்களிலேதான் தங்கி நிற்கும். அவற்றைத் தரிசென்று எண்ணுவது தவறு.

2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை நாவலடியை அழித்தது. கிழக்கிலே கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாதென 2005இல் அரசாங்கம் விதித்தது. வீடிழந்த பலருக்குத் திராய்மடுவிற் குடியிருப்புகள் எழுந்தன. வீடு கொடுத்ததை நாம் குறை கூறோம். ஆயினும் கடற்றொழிலாளருக்குக் கரை தூரமாயிற்று. மாரியிலோ வெள்ளம் பயமுறுத்துகிறது. மடு என்றால் நீர் தங்கும் பள்ளம் என்பதை ஊர்ப்பெயரே உரைக்கவில்லையா?

பள்ளத்தைக் கிரவல் கொட்டி நிரப்புவோர் நீரை ஒழிப்பதில்லை. அயலான் வளவுக்கு அனுப்புகின்றனர். கண்ணா மரங்களை வெட்டினாலோ, அவற்றின் வேர்களுக்கிடையே வளரும் இறாற் குஞ்சும் மீன் குஞ்சும் ஒதுங்க இடமின்றிப் போகும். வாவியில் வலை வீசுவோர் அடுப்பு அதனை அறியும்.

இனியொரு வீட்டுத் திட்டம் வருமாயின், 2011 சனவரி வெள்ளம் எதுவரை ஏறிற்றென்று முதியோரைச் சுவரிலே கோடிட்டுக் காட்டச் சொல்வோம். அக்கோட்டுக்குக் கீழே அத்திவாரமெனில், நீர் வடியும் வழி எதுவென்பதை முதலில் எழுதித் தருமாறு பிரதேச செயலகத்தைக் கேட்போம்.