மீன் தொட்டிச் செடிகளுக்கு ஒரு சர்க்கரைப் புட்டி

கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியும் அதில் நாலைந்து வண்ண மீன்களும் இன்று நடுத்தரக் குடும்பங்களிலும் காணக்கூடிய காட்சியாகிவிட்டன. பெரும்பாலும் பிள்ளைகளின் பிடிவாதத்தால் வந்து சேர்ந்த தொட்டியாகவே அது இருக்கும். மீன்களோடு நான்கு பசுஞ்செடிகளையும் வாங்கி மணலில் ஊன்றி வைக்கிறோம். முதலிரண்டு வாரங்கள் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும் அச்செடிகள், பிறகு வெளிறி, இலைகளில் ஓட்டை விழுந்து, மேலே பாசி படர்ந்து மடிந்துபோகின்றன. வெளிச்சம் போதவில்லை போலும் என்று விளக்கைக் கூட்டினால் பாசிதான் இன்னும் செழிக்கிறது.

குறை பல வேளைகளில் வேறிடத்தில் இருக்கிறது. செடி தன் உடலைக் கட்டிக்கொள்வதற்கான கரியை மண்ணிலிருந்து பெறுவதில்லை, கரியமிலவாயுவிலிருந்தே பெறுகிறது. நிலத்துச் செடிக்குக் காற்று அதனை ஓயாமல் கொண்டுவந்து தருகிறது. நீருக்குள்ளோ அவ்வாயு காற்றில் நகர்வதைவிட ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. இலையைச் சுற்றியுள்ள நீரில் இருந்தது தீர்ந்துவிட்டால் அடுத்தது வந்து சேர நேரமாகும். காற்றோடு தொடர்புள்ள சாதாரண நீரில், லிட்டருக்கு அரை மில்லிகிராம் அளவுதான் கரியமிலவாயு கரைந்திருக்கும். மீன்களின் மூச்சும் கழிவுகளும் அதனைச் சற்றே கூட்டும். செழிப்பான நீர்த்தோட்டம் வளர்ப்போர் நாடும் அளவோ 20 முதல் 30 மில்லிகிராம்.

நெதர்லாந்தில் பிறந்த இங்கன்ஹவுஸ் என்னும் மருத்துவர் 1779-இல் வெளியிட்ட நூலில் இதன் இரு பக்கங்களையும் காட்டிவிட்டார். நீரில் மூழ்கிய இலைகள் வெயிலில் பிராணவாயுக் குமிழ்களை விடுகின்றன. இருளில் அதே இலைகள் காற்றைக் கெடுக்கின்றன. இந்த இரண்டாவது செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீன்களின் உயிர் அதில்தான் தொங்குகிறது.

வீட்டிலேயே இவ்வாயுவை உண்டாக்கும் பழகிய வழி, ரொட்டி சுடுவோர் பயன்படுத்தும் ஈஸ்ட்டையும் சர்க்கரையையும் கொண்டது. 2 லிட்டர் குளிர்பான பிளாஸ்டிக் புட்டியில் 200 கிராம் சர்க்கரையும் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரும் இட்டுக் கரைத்து, கால் தேக்கரண்டி ஈஸ்ட் சேர்க்க வேண்டும். கொதிநீர் ஊற்றினால் ஈஸ்ட் மாண்டுவிடும். மூடியில் துளையிட்டு மெல்லிய குழாயைச் செருகி, சுற்றிலும் காற்றுக் கசியாமல் ஒட்டிவிட வேண்டும். அக்குழாயை நேரே தொட்டிக்குள் விடலாகாது. பாதி நீருள்ள சிறு புட்டியொன்றை இடையில் வைத்து அதன் வழியே செலுத்தினால், பொங்கி வரும் நுரை அங்கேயே தங்கிவிடும்; குமிழ்களை எண்ணவும் இயலும். தொட்டி நீர் பின்னோக்கி இறங்காமல் காக்க ஒரு தடுப்பு வால்வும் தேவை. தொட்டிக்குள் ஒரு சிறு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதனடியில் வாயு தேங்குமாறு செய்தால் அது மெல்லக் கரையும். கண்ணாடிப் புட்டி மட்டும் வேண்டவே வேண்டாம். அழுத்தம் கூடினால் வெடித்துச் சிதறும்.

சில மணி நேரத்தில் குமிழ் வரத் தொடங்கி, இரண்டு மூன்று வாரங்கள் நீடிக்கும். 200 கிராம் சர்க்கரை முழுதும் மாறினால் சுமார் 100 கிராம் வாயு கிடைக்கும். ஒரு மனிதர் ஒரே நாளில் வெளிவிடுவது ஏறத்தாழ ஒரு கிலோ. ஆதலின் இதனால் வீட்டாருக்கு மூச்சுமுட்டும் என்று அஞ்ச வேண்டியதில்லை.

ஆனால் நம் இல்லங்களில் எழும் கேள்வி வேறு. சர்க்கரையின் மறுபாதி என்னவாகிறது? அது சாராயமாகிறது. சுண்ணாம்பு தடவாத கலயத்தில் பனஞ்சாறு கள்ளாக மாறும் அதே செயல்தான் அந்தப் புட்டிக்குள்ளும் நிகழ்கிறது. வாரங்கள் கழிந்து நாம் கொட்டுகின்ற நீர், போதை தரும் நீர். செடிக்காகச் செய்கிறோம், குடிப்பதற்கல்லவே என்று வாதிடலாம். சட்ட நுணுக்கங்களில் மத்ஹபுகளிடையே வேறுபாடும் உண்டு. ஐயமுடையோர் தம் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிக. இனிப்பு மணக்கும் ஒரு புட்டி சிறுவர்களின் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வேறு வழி இருக்கையில் இதனை வீட்டினுள் வைத்துக்கொள்ளத் தேவையில்லை என்பது என் கருத்து.

அந்த வேறு வழி அடுக்களையிலேயே இருக்கிறது. எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் அமிலமும் சமையல் சோடாவும் கலந்தால் அதே வாயு பொங்கும். சாராயம் துளியும் உண்டாகாது. 200 கிராம் சமையல் சோடாவும் அதே அளவு எலுமிச்சை உப்பும் கொண்டால், 200 கிராம் சர்க்கரை தருவதற்கு நிகரான வாயு கிடைத்துவிடுகிறது. இரண்டையும் ஒரே புட்டியில் கொட்டினால் எல்லாம் ஒரே மூச்சில் பொங்கித் தீர்ந்துவிடும். அமிலக் கரைசல் ஒரு புட்டியிலும் சோடாக் கரைசல் மற்றொன்றிலுமாக இருக்க, அமிலம் சிறிது சிறிதாகச் செல்லுமாறு அமைந்த மூடிகள், அழுத்தமானியும் திருகு வால்வும் சேர்த்து, வண்ணமீன் பொருள்கள் விற்கும் கடைகளில் கிடைக்கின்றன. இதில் மூடியை வீட்டில் செய்து பார்ப்பது நன்றன்று. செலவு சற்றுக் கூடினாலும், இரவில் வாயுவை நிறுத்தி வைக்கலாம் என்பது இதன் பெரும் சிறப்பு. ஈஸ்ட் நம் சொல்லைக் கேட்டு உறங்காது.

இரவுதான் ஆபத்தான வேளை. விளக்கு அணைந்ததும் செடி கரியமிலவாயுவை உண்பதை நிறுத்திவிடுகிறது; மீன்களைப் போலவே அதுவும் பிராணவாயுவைச் செலவிட்டுக் கரியமிலவாயுவை வெளிவிடுகிறது. புட்டியும் தன் பங்கைச் சேர்த்துக்கொண்டே இருந்தால், விடியற்காலையில் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அந்நிலையைக் கண்டால் உடனே காற்றுப் பம்பை ஓடவிட்டு, மூன்றிலொரு பங்கு நீரை மாற்ற வேண்டும். ஈஸ்ட் புட்டி வைத்திருப்போர் ஒவ்வோர் இரவும் வாயுக் குழாயைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்து வைப்பது நலம். குழாயை மடக்கியோ வால்வைத் திருகியோ அடைத்துவிடுவது பெரும் தவறு. அடைத்த புட்டி வெடிக்கக்கூடும். பகலில் காற்றுப் பம்பு வேண்டாம். நீரைக் கலக்கி, நாம் சேர்த்த வாயுவை அது விரட்டிவிடும்.

அளவறிய எளிய கருவியொன்றுண்டு. தொட்டிக்குள் தொங்கவிடும் சிறு கண்ணாடிக் கூட்டிலுள்ள திரவம் நீலமாயிருந்தால் வாயு குறைவு, பச்சையானால் அளவு சரி, மஞ்சளானால் கூடிவிட்டது. நிறம் மாற ஓரிரு மணி நேரம் பிடிக்கும். ஆகவே முதல் சில நாள்களில் திரவத்தைவிட மீன்களையே கவனியுங்கள். 60 லிட்டர் தொட்டிக்கு மூன்று நொடிக்கு ஒரு குமிழ் என்று தொடங்கி மெல்லக் கூட்டலாம். விளக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் எரிந்தால் போதும்.

இவ்வளவு தொல்லை எதற்கென்று எண்ணுவோரும் இருப்பர். அவர்கள் எண்ணுவதும் நியாயமே. அனுபியாஸ், ஜாவா பெரணி, ஜாவா பாசி ஆகியவற்றுக்குப் புட்டியே வேண்டாம். மங்கிய வெளிச்சத்தில் மீன்களின் மூச்சை உண்டு மெதுவாக வளர்பவை அவை. முதலிரண்டையும் வேர்த்தண்டு மணலில் புதையாதவாறு ஒரு கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டிவிட வேண்டும், புதைத்தால் அழுகிவிடும்.