முத்துக்குளித்துறை - 9: தேரிக்கு எவ்வளவு ரோடு போதும்?

போன வாரம் வரை கடலிலேயே கிடந்தோம். இந்த வாரம் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே போவோம். திருச்செந்தூரிலிருந்து காயாமொழிப் பக்கம் போனால் மண் சிவந்துகொண்டே வரும். அதுதான் குதிரைமொழித் தேரி. சுமார் 12,000 ஏக்கர் என்பார்கள். வனத்துறையின் காப்புக்காடுதான், ஆனால் நிழலைத் தேடிப் போகாதீர்கள். பனையும் உடைமரமும் கொல்லாமரமும் அங்கங்கே நிற்க, மற்றதெல்லாம் செம்மணல். கணுக்கால் வரை புதையும்.

இந்த மணலுக்குள்ளும் கூட்டம் போகிறது. கார்த்திகை முடியும் நாளில் தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயிலில் ‘கள்ளர் வெட்டு’. கள்ளனாகப் பாவித்து ஓர் இளநீரை வெட்டுவார்கள். நீர் தெறித்த மண்ணை அள்ளத் தள்ளுமுள்ளு நடக்கும். முந்தானையிலும் துண்டிலும் முடிந்துகொண்டு போகும் அந்தப் பிடி மண் வீட்டுக்கும் கடைக்கும் வயலுக்கும் காவல். பங்குனி உத்திரத்துக்கு அருஞ்சுனை காத்த அய்யனாரைத் தேடிவரும் குடும்பங்கள் வேறு. எண்பது வயது ஆச்சியைக் குலதெய்வத்திடம் கூட்டிப்போக நல்ல ரோடு கேட்பதில் என்ன தப்பு? தேரியோரப் பனையேறிக்கும் அது வேண்டும். பதநீர் வெயிலில் காத்திருக்காது, புளித்துவிடும்.

வம்பு அதற்கு அடுத்த கட்டத்தில்தான் ஆரம்பிக்கிறது. கோயில்வரை போன ரோட்டை மணல்மேட்டுக்கு மேலேயும் இழுத்தால் என்ன என்று கேட்கிறார்கள். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றை இந்தப் பக்கத்துக்காரர்களிடம் கேளுங்கள். ஒரு காலத்தில் மேடுகளே இடம்பெயர்ந்து தோட்டங்களை மூடியிருக்கின்றன. மரம் நட்டு, கொடி படரவிட்டு, வேரால்தான் மணலைக் கட்டிப்போட்டார்கள். ஜீப் ஏறி அந்தக் கொடியை அறுத்த தடத்தில் காற்று நுழையும், தடம் பள்ளமாகும். தார் போட்டாலும் ஆடி முடிவதற்குள் மணல் மூடும். அள்ள வருஷா வருஷம் ஒரு டெண்டர்!

மணலுக்குள் கிடப்பதும் சாமானியமல்ல. இந்த மாவட்டத்துத் தேரிகளில் கற்காலத்தவர் செதுக்கிய நகம் அளவு கல்லாயுதங்கள் கிடைத்திருக்கின்றன. சாயர்புரம், மெஞ்ஞானபுரம் போன்ற இடங்களை ஆராய்ந்து 1956இல் சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்சினும் எழுதிய கட்டுரை தொல்லியலில் பேர்போனது. பொக்லைனுக்குச் சரளும் கல்லாயுதமும் ஒன்றுதான்.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், கிராமசபை பரிந்துரைத்தால், ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தில் ரோடு போட வழிவிடுகிறது. அது காட்டை நம்பி வாழ்கிறவர்களுக்கான சட்டம். வருஷத்துக்கு ஒருநாள் பொங்கல் வைக்க வருகிறவருக்கு அது உதவாது. அவர் வனத்துறையிடம்தான் போய் நிற்க வேண்டும்.

எனக்குப் படுவது இதுதான். கோயில்களுக்கு ஏற்கெனவே இருக்கும் ரோட்டை அகலப்படுத்தாமல் செப்பனிடட்டும். வண்டிகள் காட்டு ஓரத்தோடு நிற்கட்டும். நடக்க முடியாதவர்களுக்கு பேட்டரி வண்டி ஓடட்டும். மேட்டின் மேல் புதுத்தடம் ஒன்றுகூட வேண்டாம், அது சினிமா ஷூட்டிங்குக்கானாலும் சரி. குலசேகரன்பட்டினம் ராக்கெட் தளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியாயிற்று. இந்த வட்டாரத்தில் இனி ரோடுகள் பெருகத்தான் செய்யும். தேரியோர ஊராட்சிகளில் இருக்கும் வாசகர்களே, ஆகஸ்ட் 15 கிராமசபையில் ரோடு கேளுங்கள். அது எந்த இடத்தோடு நிற்க வேண்டும் என்பதையும் அதே தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள்.

(தொடரும்)