நெஞ்சு நோவும் நெஞ்சத்து நோவும்

நெஞ்சு என்னும் சொல்லுக்குத் தமிழிலே பொருள் இரண்டு. விலா எலும்புகளுக்குள் துடிப்பதும் நெஞ்சு; நினைந்து உருகுவதும் நெஞ்சு. திருக்குறளிலே ‘நெஞ்சொடு கிளத்தல்’ என ஓர் அதிகாரம் உண்டு. பிரிவாற்றாத தலைவி அங்கே பேசுவது தன் மனத்தோடுதான். மொழி ஒரே சொல்லில் அடக்கிய இவ்விரண்டையும் நவீன வைத்தியம் நெடுங்காலம் வேறுவேறாகவே வைத்து ஆராய்ந்தது. இன்றோ அவற்றைச் சேர்த்துக் காண வேண்டிய நிலை அதற்கு ஏற்பட்டிருக்கிறது.

கனடா நாட்டு மொன்றியல் நகரிலே நடந்த ஆய்வொன்று 1993ஆம் ஆண்டில் வெளிவந்தது. மாரடைப்புக்கு ஆளாகி உயிர் தப்பிய 222 பேரிடம், இதயம் எவ்வளவு சேதமுற்றது என்பதோடு நில்லாது, மனம் எவ்வாறு இருக்கிறது என்றும் ஆய்வாளர் விசாரித்தனர். ஏறக்குறைய ஆறில் ஒருவர் கடும் மனச்சோர்வுற்றிருந்தனர். ஆறு மாதங்களின் பின் பார்த்தபோது, அவர்களிடையே மரண வீதம் ஏனையோரைக் காட்டிலும் பன்மடங்காக இருந்தது. இதயத்தின் சேதத்தைக் கணக்கில் எடுத்த பின்னும் அந்த வேறுபாடு மறையவில்லை.

காரணம் யாது? சோர்ந்த மனிதன் குளிசையை மறக்கிறான். நட என்றால் படுக்கிறான். விட்ட புகையை மீண்டும் நாடுகிறான். அதுமட்டுமன்று, தீராத மனத்துயர் உடலின் சுரப்புநீர்களையும் இதயத்துடிப்பின் ஒழுங்கையும் குருதி உறையும் தன்மையையும் பாதிக்கின்றது.

ஆயினும், ஒரே நோய் கண்ட இருவரில் ஒருவர் தேறுகிறார். மற்றவர் துவண்டு போகிறார். இவ்வேறுபாட்டின் வேர் ஒன்று தொட்டிலிலே கிடக்கிறது என்பர் உளநூலார். தாயின் பரிவு குழந்தையின் மனநலத்துக்கு இன்றியமையாதது என்பதை உலக சுகாதார ஸ்தாபனத்துக்கு 1951இல் எழுதிய அறிக்கையிலே வலியுறுத்தியவர் ஆங்கிலேய வைத்தியர் யோன் போல்பி. அவரோடு பணியாற்றிய மேரி எயின்ஸ்வேத் அம்மையார் ஓர் எளிய சோதனையை வகுத்தார். ஒரு வயதுக் குழந்தையைப் புதிய இடத்தில் விட்டுத் தாய் சில நிமிடங்கள் வெளியே செல்வாள்; பின்பு திரும்புவாள். சில குழந்தைகள் அழுது, தாயைக் கண்டதும் அணைந்து, ஆறி, விளையாடப் போயின. சில, அணைத்த பின்னும் ஆறாமல் அவளைப் பற்றியும் உதறியும் கதறின. இன்னும் சிலவோ தாய் போனதையும் வந்ததையும் பொருட்படுத்தாதவைபோல் முகந்திருப்பிக்கொண்டன.

இந்த மூன்றாம் வகைக் குழந்தை தைரியசாலி என்றுதான் பார்ப்போர் நினைப்பர். ஆனால், 1977இல் அமெரிக்க ஆய்வாளர் இருவர் இக்குழந்தைகளின் இதயத்துடிப்பை அளந்து அறிவித்தனர். முகம் அமைதியாயிருந்த வேளையிலும் இதயம் விரைந்து துடித்துக்கொண்டிருந்தது! அழுதாலும் பயனில்லை என்று கற்றுக்கொண்ட குழந்தை, அழுகையை விட்டதேயன்றித் துன்பத்தை விடவில்லை.

அக்குழந்தைகள் வளர்ந்து நம்மிடையே உலவுகின்றனர். வைத்தியசாலைக் கட்டிலிலே ஒருவர் நிமிடத்துக்கொரு தரம் தாதியை அழைக்கிறார். மனைவி சற்றே தாமதித்தால் கலங்குகிறார். அவருடைய சோர்வு எல்லார் கண்ணிலும் படுகிறது. அடுத்த கட்டிலில் இருப்பவரோ, “எனக்கு ஒன்றுமில்லை, நீங்கள் வீட்டுக்குப் போங்கள்” என்கிறார். தொல்லை தராத நல்ல நோயாளர் என்று அவரைப் பாராட்டுகிறோம். நெஞ்சு வலித்தாலும் சொல்லாதவர், நெஞ்சம் வலிப்பதையா சொல்லப் போகிறார்? உறுதியான பற்றின்றி வளர்ந்தவரெல்லாம் சோர்வுக்கு இரையாவர் என்பதில்லை. எனினும், அத்தகையோரிடையே அது மிகுதி என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

இதற்கு மருந்து உண்டா? உண்மையை மறைத்தல் தகாது. அமெரிக்காவிலே 2,481 மாரடைப்பு நோயாளரைக் கொண்டு நடத்திய பெரும் பரிசோதனையின் முடிவு 2003இல் வெளிவந்தது. உளவழிச் சிகிச்சையால் மனச்சோர்வும் தனிமையும் ஓரளவு தணிந்தன. மரணமோ மறு மாரடைப்போ குறையவில்லை. இதனால் அம்முயற்சி வீண் என்பார் உளரோ? வாழும் நாளின் துயர் குறைவதும் சிகிச்சையின் பயனே அன்றோ!

இதயநோயாளரிடம் மனச்சோர்வு உண்டா என வைத்தியர்கள் விசாரித்தறிய வேண்டும் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2008இல் பரிந்துரைத்தது. தொடக்கத்தில் கேட்கவேண்டியவை இரண்டே வினாக்கள்: கடந்த இரு வாரங்களில் எதிலும் நாட்டமின்றி இருந்தீர்களா? மனம் சோர்ந்து நம்பிக்கை இழந்திருந்தீர்களா? ஆம் என்ற விடை வந்தால் அதனை வைத்தியரிடம் கூறவேண்டும்.

இவ்வினாக்களை வைத்தியர் மட்டுமன்றி வீட்டாரும் கேட்கலாம். “ஒன்றுமில்லை” என்ற விடை வந்தால் உடனே எழுந்து போகாதிருத்தல் நன்று. இளமையிற் படிந்த பற்றின் இயல்பு கல்லில் எழுதிய எழுத்தன்று. நம்பத்தக்க ஒருவரின் தொடர்ந்த துணையால் அது பிற்காலத்திலும் மாறக்கூடும். அழைத்தும் வராத தாயால் மௌனம் கற்ற நெஞ்சுக்கு, அழையாமலே வந்து அருகிலிருக்கும் ஒருவரே அதனை மறக்கக் கற்பிக்க வல்லவர்.