ஒரு நெடிலில் மாறும் நோய்நிலை

அமெரிக்க மருத்துவர் ஒலிப்பதிவாகச் சொல்லிவைக்கும் குறிப்பை, சென்னையிலோ கோவையிலோ ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒருவர் தட்டச்சு செய்வார். மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் இங்கே பலருக்குச் சோறு போட்ட தொழில். புதிதாகச் சேர்ந்தவர்களை மருந்துப் பெயர்களுக்கு இணையாகப் படுத்துவது ஒருமை பன்மைதான்.

பழி லத்தீனையும் கிரேக்கத்தையும் சேரும். வெசாலியஸ் 1543இல் தம் உடற்கூறு நூலை லத்தீனில்தான் வெளியிட்டார். 1895இல் பாசல் நகரில் உறுப்புகளுக்குப் பொதுப்பெயர்ப் பட்டியல் ஏற்கப்பட்டபோதும் அதே மொழி. ஆங்கிலம் சொற்களோடு அவற்றின் பன்மை விகுதிகளையும் சேர்த்தே வாங்கிக்கொண்டது. முதுகெலும்பில் ஒரு கண்ணி வெர்டிப்ரா, பல என்றால் வெர்டிப்ரே. சரி, 'ஆ'வில் முடிந்தால் ஒருமை என்று மனப்பாடம் செய்தால், குடல் சுவரில் பைபோலப் பிதுங்கும் டைவர்டிகுலா குறுக்கே வரும். அது பன்மை, ஒருமை டைவர்டிகுலம். த்ராம்பஸ் பன்மையில் த்ராம்பை ஆகிறதே என்று நம்பினால், கார்பஸ் கார்போரா ஆகிவிடும். ஜிம்மில் எல்லாரும் சொல்லும் 'பைசெப்' என்பதும் பிழைதான். பைசெப்ஸ் என்பதே ஒருமை. இரண்டு தலை உள்ள தசை என்று பொருள்.

இவற்றில் தவறினால் பெரும்பாலும் எடிட்டரின் திட்டோடு போகும். மெட்டாஸ்டஸிஸ் அப்படியல்ல. புற்றுநோய் வேறிடத்துக்குப் பரவியிருப்பதைச் சொல்லும் சொல் அது. கடைசி அசை குறிலானால் ஒரு பரவல். 'மெட்டாஸ்டஸீஸ்' என்று நெடிலானால் பல. நுரையீரல் புற்றுநோயில் நெஞ்சுக்கு வெளியே ஒரே ஒரு பரவல் இருந்தால் எம்1பி, அதாவது 4ஏ நிலை. பல இருந்தால் எம்1சி, 4பி நிலை. மூளையில் ஒற்றைக் கட்டி என்றால் அறுவை சிகிச்சையை யோசிப்பார்கள்; பல என்றால் கணக்கே வேறு. வேகமாகப் பேசும் மருத்துவரின் வாயில் அந்தக் குறிலும் நெடிலும் எளிதில் கலந்துவிடும்.

அனுபவசாலிகள் அந்தச் சொல்லை மட்டும் கேட்பதில்லை. பின்னால் வருவது 'இஸ்'ஸா 'ஆர்'ரா, ஓர் அளவு சொன்னாரா பல சொன்னாரா, ஸ்கேன் அறிக்கைப் பகுதியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள். இப்போது மென்பொருளே முதல் வரைவை அடித்துத் தருகிறது. அது பிழையில்லாத எழுத்துக்கூட்டலில் தவறான எண்ணிக்கையைத் தரக்கூடும் என்பதால் கண் எளிதில் ஏமாந்துபோகும்.

இந்த வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: திரும்பத் திரும்பக் கேட்டும் பிடிபடவில்லையா, இடத்தைக் காலியாக விட்டு மருத்துவரின் கவனத்துக்குக் குறியிட்டு அனுப்புங்கள். ஊகித்து நிரப்பாதீர்கள்.